பழைய கேமிங் கம்ப்யூட்டர் திணறுகிறதா? ஓவர்க்ளாக்கா, புது ப்ராசசரா: அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

திருப்பூரில் சித்தி வீட்டு மாடியில் தம்பி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். கீழ்த்தளத்தில் பனியன் கட்டிங்கும் தையலும் நடக்கும். சித்திரை வெயிலில் ஒரு நாள் போன் வந்தது. "ஏனுங்ண்ணா, ரைசன் 5 1600 பழசாப் போச்சுங்க. கேம் போட்டா இருபது நிமிஷத்துல லேக் ஆகுது. ஓவர்க்ளாக் பண்ணிப் பாக்கலாமுங்களா, இல்ல புதுசே வாங்கிரட்டுங்களா?"

ரெண்டும் இப்போதைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். "ப்ராசசர் பழசாகிவிட்டது" என்று என்னிடம் வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் ப்ராசசர் மேல் குற்றமே இருப்பதில்லை. இருக்கிற வேகத்தை வேறு ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கும். அது எது என்று கண்டுபிடிக்காமல் ஓவர்க்ளாக் செய்து, அதாவது ப்ராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, வேகத்தைக் கூட்டினாலும் காசைப் போட்டாலும் வீண். அதனால் அறிகுறியிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதலில் இருபது நிமிடம் அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற அளக்கும் மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம். கேம் ஓடும்போது திரையின் மூலையில் இந்த எண்கள் தெரியும்படி வையுங்கள்: எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் எத்தனை ஃப்ரேம்), ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்), கிராஃபிக்ஸ் கார்டின் உபயோகம், ப்ராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசையின்) உபயோகம், ப்ராசசரின் வெப்பம், அது ஓடும் வேகம். அப்புறம் உங்களுக்கு எங்கே திணறுகிறதோ அந்த இடத்தில் இருபது நிமிடம் விளையாடுங்கள். ஐந்து நிமிடம் போதாது, ஹீட்சிங்க் (ப்ராசசரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) முழுதாகச் சூடேறவே அதற்கு மேல் ஆகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த உபயோகத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். 12 த்ரெட் உள்ள ப்ராசசரில் ஒரு த்ரெட் முழுதாக மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பல கேம்களில் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் நடக்கிறது. மொத்தம் 40 என்று காட்டும்போதே ப்ராசசர் தன் எல்லையைத் தொட்டிருக்கலாம்.

அறிகுறி: முதலில் நன்றாக ஓடுகிறது, கால் மணி நேரத்தில் தவழ ஆரம்பிக்கிறது

வெப்பத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் ஏற ஏற வேகம் இறங்கினால், ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றுக்கு இந்த எல்லை 100 டிகிரி. ரைசனில் பெரும்பாலும் 95.

தம்பியின் கம்ப்யூட்டர் 94 காட்டியது. வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே போய்ப் போய் வந்தது. கேபினெட்டைத் திறந்தோம். வெளியிலிருந்து பார்க்கும்போது ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனை ஹீட்சிங்க்கிலிருந்து தூக்கினால், இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படை. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. பனியன் துணியிலிருந்து பறக்கும் பஞ்சுப் பிசிறு. ஃபேன் காற்றை உறிஞ்சுகிறது, காற்றோடு பிசிறும் வருகிறது, காற்று தகடுகளுக்கு நடுவே போய்விடுகிறது, பிசிறு அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபேன் முழு வேகத்தில் கத்தும், ஆனால் தகட்டுக்குள் காற்று போகாது.

இது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. திருப்பூர், சோமனூர், பல்லடத்தில் பஞ்சு. பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தூசி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் மண். சாதாரணத் தூசியை ப்ளோயர் ஊதித் தள்ளிவிடும். பஞ்சுப் படை அப்படிப் போகாது. வெளியிலிருந்து ஊதினால் இன்னும் இறுகும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும்.

பிறகு தெர்மல் பேஸ்ட், ப்ராசசரிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் பசை. நான்கைந்து வருடம் ஆன பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும். தம்பியுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டில் ஹீட்சிங்க்கைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். அந்த சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொண்டால், நேராக இழுக்கும்போது லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பேஸ்ட் இளகி விடுவது கைக்கே தெரியும். அப்புறம் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் ஒரு முழுத் துவரை அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும்.

அன்று மத்தியானமே அதே கேம், அதே இடம், 73 டிகிரி. வேகம் இறங்கவே இல்லை. பஞ்சை எடுக்காமல் ஓவர்க்ளாக் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவனை மேட்டில் ஓடச் சொன்ன மாதிரி.

அறிகுறி: எஃப்பிஎஸ் குறைவு, கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல்

ப்ராசசரைத் தொடாதீர்கள். கார்டுதான் எல்லையில் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை 720பி ஆக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் பிரச்சினை கார்டில். ஏறவே இல்லையென்றால் ப்ராசசர் பக்கம். புது ப்ராசசர் வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய ஒரே சோதனை இதுதான், ஒரு பைசா செலவில்லை.

அறிகுறி: எஃப்பிஎஸ் சீராகவே குறைவு, கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, வெப்பமும் சரி

இது உண்மையான ப்ராசசர் பிரச்சினை. ஆனால் கை வைப்பதற்கு முன் ரேமைப் பாருங்கள். சிபியு-ஸெட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து சேனல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு 8 ஜிபி ரேமை மட்டும் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் நிறைய இருக்கின்றன. ஒற்றைச் சேனலில் ப்ராசசருக்குப் போகும் தரவுப் பாதை பாதிதான். இன்னொன்று, ரேம் 3200 வேகம் என்று வாங்கியிருந்தாலும் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங், போடாவிட்டால் 2133 அல்லது 2400இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தலைமுறை ரைசனில் 3200 நிலையாக ஓடாமல் போகலாம், 2933 ஓடினாலே நல்ல வித்தியாசம் தெரியும். ரைசனுக்குள் இருக்கும் இணைப்பு ரேமின் வேகத்தோடு சேர்ந்து ஓடுவது என்பதால் அதற்கு இது இன்னும் முக்கியம். தம்பியின் கம்ப்யூட்டரிலும் ஒரே ரேம்தான் இருந்தது.

ரேம் சரி, இன்னமும் போதவில்லை என்றால் இப்போது ஓவர்க்ளாக் பற்றிப் பேசலாம். அதற்குமே உங்கள் கம்ப்யூட்டர் இடம் கொடுக்க வேண்டும். இன்டெல்லில் ப்ராசசர் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்தும், மதர்போர்டு ஸெட் வரிசையாகவும் இருக்க வேண்டும். ஐ5-6500ஐ பி150 போர்டில் வைத்திருந்தால் இந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ரைசனில் ஏறத்தாழ எல்லாமே பூட்டில்லாதவை. ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் அனுமதிக்காது. பி350, பி450, எக்ஸ்370 அனுமதிக்கும். பெட்டியோடு வந்த சின்னக் கூலரை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டாதீர்கள், உயரமான ஹீட்சிங்க்கோடு வரும் டவர் கூலர் வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேகம் 12 சதவீதம் கூடினால் எஃப்பிஎஸ் அதிகபட்சம் அவ்வளவுதான் கூடும், பெரும்பாலும் அதற்கும் குறைவு. இப்போது 54, வேண்டியது 60 என்றால் முயன்று பார்க்கலாம். 50ஐ 90 ஆக்க ஓவர்க்ளாக்கால் முடியாது.

கூடுதல் வேகத்துக்குக் கொடுக்கும் விலை சூட்டில் தெரியும். ப்ராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 3.7 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுவதை 4.4க்கு 1.3 வோல்ட்டில் கொண்டுபோனால் வேகம் 19 சதவீதம் கூடுகிறது, மின்சாரமும் சூடும் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுகின்றன. கொஞ்சம் வேகத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய கூலர் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பயாஸில் மல்டிப்ளையரை ஒன்று கூட்டுங்கள், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். தடையில்லாமல் ஓடினால் இன்னொன்று கூட்டுங்கள். நடுவில் விழுந்தால் வோல்டேஜைத் துளி கூட்டிப் பாருங்கள், இல்லை ஒரு படி இறங்குங்கள். காற்றுக் கூலரில் ஐ5-2500கே போன்ற பழைய இன்டெல்லுக்கும் முதல், இரண்டாம் தலைமுறை ரைசனுக்கும் 1.35 வோல்ட்டை என் எல்லையாக வைத்திருக்கிறேன். கடைசிப் படி கிடைத்ததும் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம், அப்புறம் உங்கள் கேமை இரண்டு சாயங்காலம்.

இந்தச் சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். என் ஐ5-2500கே மார்கழியில் 4.5இல் ஒரு குறையுமில்லாமல் நின்றது, அதிகபட்சம் 78 டிகிரி. விடிகாலை அறையில் 20 டிகிரிகூட இருக்காது. அதே கம்ப்யூட்டர் சித்திரையில், தார்சு வீட்டு மாடி அறையில், மத்தியானம் நீலத் திரை போட்டது. அறையின் வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறத்தாழ அத்தனையும் ப்ராசசரின் மேல் ஏறும். 37 டிகிரி அறை என்றால் 78 என்பது 95. 4.3க்கு இறக்கிய பிறகுதான் கத்திரி வெயிலைத் தாண்டியது. கரூர், ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். குளிர்காலத்தில் கண்டுபிடித்த வேகம் என்றால் 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்தே வையுங்கள்.

அறிகுறி: சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் வெட்டி வெட்டி ஓடுகிறது

60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஃப்ரேம் டைம் கோடு அந்த அளவில் படுத்துக் கிடந்து, நடுநடுவே 60, 80 என்று குத்தூசி மாதிரி எழுந்தால் கண்ணுக்கு அது வெட்டாகத் தெரியும். அப்போது ப்ராசசரின் எல்லா த்ரெட்டும் 100 சதவீதத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

நின்றால், ஓவர்க்ளாக் இதற்கு மருந்து இல்லை. எங்கள் ஊரில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆர்டர் கூடினால் மோட்டார் புல்லியை மாற்றித் தறியின் ஓட்டத்தைக் கூட்டலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு துணி கேட்டால் வேகமான ஒரு தறி போதாது, இன்னொரு தறி வேண்டும். 4 கோர், 4 த்ரெட் ப்ராசசரிடம் இன்றைய கேம்கள் கேட்பது இன்னொரு தறியை.

ஈரோட்டு நண்பர் ஒருவர் 2017இல் வந்த ஐ5-7600கே வைத்து 4.8 வரை ஏற்றிப் பார்த்தார். சராசரி கூடியது, வெட்டு போகவில்லை. பின்னணியில் ஓடிய ப்ரவுசரையும் டிஸ்கார்டையும் மூடி, கேமில் கூட்டத்தின் அடர்த்தி, தொலைதூரக் காட்சி ஆகிய இரண்டையும் குறைத்து, எஃப்பிஎஸ்ஸை 60இல் கட்டிப் போட்டதும் பாதி வெட்டு குறைந்தது. மீதிக்கு மாற்றம்தான் வழி. ஆனால் அந்த போர்டில் அதிகபட்சம் ஐ7-7700கே, 8 த்ரெட். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 6 கோர் ஐ5-8400 அதே வடிவ எல்ஜிஏ1151 சாக்கெட்தான், ஆனாலும் 300 வரிசை போர்டு இல்லாமல் ஓடாது. சாக்கெட் பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

வெட்டு வரும் நொடியில் த்ரெட்டுகள் சும்மா இருந்து, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் கேம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஓவர்க்ளாக் செய்த பிறகு நின்று போகிறது

எப்படி நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். நீலத் திரையும், விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவும் இருந்தால் அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை, 100 மெகாஹெர்ட்ஸ் இறங்குங்கள். கேம் மட்டும் தானாக மூடிக்கொண்டால் பெரும்பாலும் ரேம், எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். எந்தப் பிழையும் காட்டாமல் லைட் அணைத்த மாதிரி பட்டென்று அணைந்தால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். ஏழெட்டு வருடம் உழைத்த எஸ்எம்பிஎஸ், கூடுதலாக 40, 50 வாட் கேட்டதும் கை விரிப்பது சகஜம்.

யுபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பல 360 வாட்தான் தாங்கும். முன்பு கரண்ட் போனால் கம்ப்யூட்டரைச் சரியாக மூட நேரம் கொடுத்தது, ஓவர்க்ளாக் செய்த பிறகு கேம் நடுவே கரண்ட் போனால் கத்திவிட்டு அணைந்துவிடும். எங்கள் தெருவில் கரண்ட் திரும்பி வந்ததும் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பிக்கும், லைட் மங்கி மங்கி எரியும். அந்த ஐந்து நிமிடம் கேமைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

திரையே வராமல் போனால் பயப்படாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அறிகுறி: செய்த செட்டிங் எல்லாம் தானாகப் போய்விடுகிறது, தேதியும் தப்பாகக் காட்டுகிறது

அதே வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எக்ஸ்எம்பி இதனால் போய், "கொஞ்ச நாளாக ஸ்லோ" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: கேம் திறக்கவே மறுக்கிறது

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும் தொடக்கம். விண்டோஸ் 11இல் வாலரண்ட் என்ற கேமை விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். பல போர்டுகளில் இவை பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், போட்டால் போதும். ஆனால் ப்ராசசரே விண்டோஸ் 11 பட்டியலில் இல்லையென்றால் எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் அந்தப் பட்டியலுக்குள் வராது. அங்கே மாற்றம்தான்.

மாற்றுவது என்றால் எதிலிருந்து

ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். 2017இல் வாங்கிய பி350 போர்டிலேயே 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ மாட்டலாம், போர்டு தயாரித்தவர்கள் அதற்கான பயாஸ் கொடுத்திருந்தால். அவர்களுடைய தளத்தில் உங்கள் மாடலின் ப்ராசசர் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். காகிதக் கணக்கில், ரைசன் 1600இன் உச்ச வேகம் 3.6, 5600க்கு 4.4. அதற்கு மேல் ஒரே கிகாஹெர்ட்ஸில் செய்யும் வேலை, ஏஎம்டி சொன்னபடி, 1600இன் முதல் ஸென் வடிவமைப்புக்குப் பிறகு வந்த ஸென் 2இல் சுமார் 15, 5600இல் இருக்கும் ஸென் 3இல் 19 சதவீதம் கூடியது. எல்லாம் பெருக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அதே 1600ஐ ஓவர்க்ளாக் செய்து 3.8, 3.9க்குக் கொண்டுபோனால் கிடைப்பது ஆறு முதல் எட்டு சதவீதம். டவர் கூலருக்குக் கொடுக்கும் காசை இதில் போடுவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். முந்தைய நாள் ஈபி மின்தடை அறிவிப்பில் உங்கள் ஏரியா பெயர் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

2011 கால இன்டெல் என்றால் அதே சாக்கெட்டுக்கு ஐ7-3770, 2014 கால இன்டெல் என்றால் அதன் சாக்கெட்டுக்கு ஐ7-4790 பழசாகக் கிடைக்கும். குறைந்த விலைக்குக் கைக்கு வந்தால் இன்னும் ஓரிரு வருடம் ஓட்டலாம், விண்டோஸ் 11 வராது என்பதை ஏற்றுக்கொண்டு. கோவை காந்திபுரத்தில் பழசு வாங்கும்போது மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏஎம்4 ப்ராசசரைத் திருப்பி, பின் வரிசைகளை லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பின் சாய்ந்திருந்தாலும் கோடு உடைந்து தெரியும். புது போர்டு, புது ரேம், புது ப்ராசசர் என்று மூன்றையும் மாற்றுவது கடைசி வழி. ரேம் விலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

தம்பிக்கு அன்று ஆன செலவு தெர்மல் பேஸ்ட்டும் இன்னொரு 8 ஜிபி ரேமும். அதிலேயே ஐப்பசி வரை ஓட்டினான். தீபாவளி போனஸில் பழைய 5600 ஒன்று வாங்கினான். மாட்டியதும் கார்டு 98 சதவீதத்தில் நின்றது, ப்ராசசர் 68 டிகிரி. ஃபேன் பக்கத்துக் கதவில் கொசுவலைத் துணியைச் சதுரமாக வெட்டி ஒட்டியிருக்கிறான். வாரம் ஒரு முறை பஞ்சை அதிலிருந்து பிரஷ்ஷால் வழித்தெடுக்கிறான்.